கடிதத்தின் முதல் வரி

என் அக்கா கல்யாணம் செய்துகொண்டவர் ஓர் இந்து. லாரி ஓட்டுநர். கோப்பெங் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வீட்டு ஆட்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். ஈப்போவிலிருந்த எங்கள் கிறிஸ்தவ சபைக் கமிட்டிக்குத்தான் தாங்கவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. மாதம் ஒருமுறை தோட்டத்துச் சிற்றாலயத்துக்கு வரும் போதகர், ஆராதனை முடிவில் கமிட்டியின் கடிதத்தை வாசித்தார். "உங்களுக்குக் கிருபையும் சமாதானமும் உண்டாவதாக" என்று தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா, ஏதோ நல்ல சேதி என்று நினைத்து, முதல் ஆளாக "ஆமென்" என்றார். அடுத்த வரியில், அக்காவுக்கு இனித் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கிடையாது என்று இருந்தது.

திரும்பிப் பார்த்த முகங்களுக்கு நடுவே அம்மா தலை குனிந்துகொண்டார்.

அப்போது நான் ஈப்போவில் தட்டச்சு வேலையில் இருந்தேன். அதே போதகர் நடத்திய வேத வகுப்புக்கும் போய்வந்தேன். கிரேக்கர்கள் கடிதத்தின் தொடக்கத்தில் 'மகிழ்ந்திரு' என்று எழுதுவார்களாம். வேதாகமத்தில் இந்தக் கிருபை வாழ்த்தை எழுதிய அப்போஸ்தலர் அந்தச் சொல்லைக் கொஞ்சம் திருப்பி, தகுதி பார்க்காமல் கொடுக்கப்படும் கிருபையாக்கினார். யூதர்கள் வாழ்த்தும் சமாதானத்தை அதன் பக்கத்தில் வைத்தார். சேர்ந்து சாப்பிடக் கூசிய இரண்டு கூட்டம் ஒரே வரியில் வந்து உட்கார்ந்தது. இதையெல்லாம் அவர்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அன்று ஆராதனை முடிந்து காரில் ஏறப்போனவரை நிறுத்தி அதையே கேட்டேன். கலாத்தியர் சபைமேல் அப்போஸ்தலருக்கு அவ்வளவு கோபம் இருந்தும் கிருபை என்றுதானே ஆரம்பித்தார், அந்தக் கடிதத்திலேயே, யூதரல்லாத பிற ஜாதியாரோடு சாப்பிடாமல் விலகிப் போனவர்களைத்தானே கண்டித்தார் என்றேன்.

"அது வேற லா. கமிட்டி முடிவு, நான் என்ன செய்ய? கடிதம்னா அப்படித்தான் ஆரம்பிக்கும், வழக்கம்."

"வழக்கம்னா கவர்மெண்ட் கடிதம் மாதிரி 'துவான்'னு, ஐயான்னு மட்டும் போட்டிருக்கலாமே, பாஸ்டர். அதுக்கு எங்கம்மா ஆமென் சொல்லியிருக்க மாட்டாங்க."

அவர் ஏறிக் கார்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த மாதம் திருவிருந்துக்கு அழைத்தபோது அம்மா எழுந்திருக்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்தபடி பெஞ்சிலேயே இருந்தார். அவரைப் பார்த்துப் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் பெண்கள் பலரும் உட்கார்ந்துவிட்டார்கள். போதகர் அப்பத் தட்டோடு வெகுநேரம் நின்றார்.

கமிட்டி முடிவை மாற்றவேயில்லை. ஒருவரும் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. எண்பதுகளில் தோட்டம் கைமாறியது. வீடுகள் கட்டுவதற்காகச் சிற்றாலயத்தை இடித்தார்கள். அம்மா, அக்கா குடும்பத்தோடு பாரிட் புந்தாருக்குப் போனார். அங்கே ஞாயிறுதோறும் மருமகன்தான் அம்மாவை லாரியில் ஏற்றி ஆலயத்தில் இறக்கிவிடுவார். பாட்டு முடியும்வரை வெளியே வெயிலில் நிற்பார். உள்ளே வாங்க என்று ஒரு கிறிஸ்தவன்கூட அவரைக் கூப்பிட்டதில்லை.