கையை மடியில் வைத்த நாற்பது நிமிஷம்

மாம்பழச்சாலையில், காவிரிப் பாலத்தை விட்டு இறங்கியதும் பிரிகிற சந்து ஒன்றில் ஆறு வீடுகள் ஒரே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆறு வீட்டுக்கும் ஒரு கேட், ஒரு தண்ணீர் மோட்டார், ஒரு லேப்டாப். லேப்டாப் மூன்றாவது வீட்டுக் கலைமதியுடையது.

அவள் அப்பா நல்லதம்பி, முசிறிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிவரும் வண்டியின் டிரைவர். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் கலைமதி. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு அவளே மனுப் போட்டு, அவளே அலைந்து வாங்கினாள். அதிலிருந்து அந்த வரிசையில் யாருக்கு என்ன விண்ணப்பம் என்றாலும் அவள்தான். "படிச்ச புள்ள வீட்டுலயே இருக்கு, பிரவுசிங் சென்டர்ல போய் எதுக்கு நிக்கணும்?" என்பார் ஐந்தாம் வீட்டு ஜெய்சங்கர். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், எல்லோருடையதையும் ஸ்கேன் செய்து 'லைன்' என்று ஒரு ஃபோல்டரில், வீட்டுக்கு ஒரு பெயராகப் போட்டு வைத்திருந்தாள். வேலை முடிந்ததும் அழித்திருக்கலாம். மறுபடி கேட்டால் சட்டென்று எடுத்துக் கொடுக்கலாமே என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள்.

பட்டம் வாங்கி இரண்டு வருஷமாக வேலை தேடிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆன்லைனில் இன்டர்வியூ வந்தது. வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. இஸ்திரி போட்ட சுடிதாரில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்துக் குரல் மரியாதையாகப் பேசியது.

"உங்க சிஸ்டம் எங்க வேலைக்குச் சரிவருமான்னு செக் பண்ணணும்மா. லிங்க் அனுப்பியிருக்கேன், அந்த ஆப்பைப் போட்டுட்டு அதுல வர்ற நம்பரைச் சொல்லுங்க."

சொன்னாள்.

"இப்ப கீபோர்டுலேருந்து கையை எடுத்துடுங்க. டெஸ்ட் முடியிறதுக்குள்ள தொட்டா ரிஜெக்ட் ஆயிடும்."

பரீட்சை ஹாலில் வினாத்தாளுக்குக் காத்திருப்பதுபோல இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். திரை கறுப்பானது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். 'சார், ஒண்ணும் தெரியலையே' என்று கேட்க வாயெடுத்தாள். இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவாரோ என்று விழுங்கிக்கொண்டாள். நாற்பதாவது நிமிஷம் திரை வெளிச்சமானது. அம்புக்குறி தானாக நகர்ந்துகொண்டிருந்தது. 'மும்தாஜ்' என்ற ஃபோல்டர் திறந்து கிடந்தது. அவள் பதறிக் கையை நீட்டுவதற்குள் அழைப்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டால் அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது.

முதல் வீட்டு மும்தாஜ் அக்கா பிளவுஸ் தைக்கிறவள். ஆறு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு வந்து, புருஷன் அடித்ததை மகளிர் காவல் நிலையத்துக்கு மனுவாக டைப் செய்யச் சொன்னாள். கூடவே முதுகிலும் தோளிலும் காயத்தைக் காட்டும் மூன்று படங்கள். மனுவை அவள் கடைசிவரை கொடுக்கவில்லை. "பிரிண்ட் எடுத்ததும் அழிச்சுடு கலை. என் அம்மாவுக்கே தெரியாது" என்றாள். "உடனே அழிச்சுடறேன்க்கா" என்று சொன்னவள் கலைமதி.

"இன்டர்வியூ எப்படிப் பண்ணினே?" என்று அவள் அம்மா கேட்டாள்.

"நல்லா பண்ணினேன்மா."

கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவள். இப்படித் தூரத்திலிருந்து உள்ளே நுழைகிறவர்களைப் பற்றி ஐந்து மார்க் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவள். ஆப்பை அழித்தாள். மனசு ஆறவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் அருகே லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஜூட்டிடம் போனாள். கூடப் படித்தவன், ஏழு அரியர். அவன் கடை திறந்தபோது, "நல்லவேளை, நமக்கு இந்தக் கதி வரலை" என்று தோழிகளோடு சிரித்தவளும் அவள்தான்.

"வாங்க கிளாஸ் ஃபர்ஸ்ட்! என்ன, லேப்டாப்புக்குச் சாமி வந்துடுச்சா?"

"மவுஸ் தானா நகர்ந்துச்சு ஜூட்."

அவன் சிரிப்பு நின்றது. "இன்னும் நெட்டோடயா வெச்சிருக்கே? மொதல்ல அமத்து."

"ஆப்பை எடுத்துட்டேன்."

"கண்ணுக்குத் தெரிஞ்சதை எடுத்திருப்ப." லேப்டாப்பை ஆன் செய்யும்போதே தானாக ஓடத் தொடங்கும் இன்னொன்றைத் தேடிக் காட்டினான். "எப்ப வேணும்னாலும் வந்து போக இது. சரி, பாஸ்வேர்டையெல்லாம் மாத்து. ஏய், இதுல இல்ல! நீ இதுல அடிச்சா அவனுக்கும் தெரிய வாய்ப்பிருக்கு. என் போனைப் பிடி. மெயில்லேருந்து ஆரம்பி. எல்லா டிவைஸ்லயும் லாக்அவுட் கொடு. ரெண்டாவது பூட்டும் போடு, உன் போனுக்கு ஓடிபி வந்தாத்தான் திறக்கணும்."

அவள் மாற்றிக்கொண்டிருக்கும்போது அவன் ஒரு பட்டியலைத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தான். அந்த ஆப் விட்டுப்போன பதிவிலிருந்து எடுத்தது, அன்று வெளியே போன ஃபைல்களின் பட்டியல். 'லைன்' முழுசாகப் போயிருந்தது. எல்லோருக்கும் அவளே தொடங்கிக் கொடுத்த மெயில்களின் பாஸ்வேர்டுகளும் அதில் இருந்தன. பெயரும் பிறந்த வருஷமும் சேர்த்து அவளே போட்ட பாஸ்வேர்டுகள்.

சைபர் கிரைம் புகாருக்காக அந்தப் பட்டியலைப் படம் எடுத்துக் கொடுத்தான் ஜூட். "எல்லாத்தையும் துடைச்சுட்டு விண்டோஸைப் புதுசாப் போட்டுடறேன்."

"அப்போ சரியாயிடும்ல?"

"லேப்டாப் சரியாயிடும்" என்றான்.

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த ஆளுக்கு ஆறு வீட்டில் யாரையும் தெரியாது. நடந்தால் பார்த்துக்கொள்ளலாம். பாலம் வந்தபோதுதான் அந்த நினைப்பில் தன் பேரைக் காப்பாற்றுவதைத் தவிர வேறெதுவும் இல்லை என்பது உறைத்தது. உண்மையில் மறந்துதான் அழிக்காமல் விட்டோமா? அக்காவின் ரகசியம் தன்னிடம் இருக்கிறது என்பதில் ஒரு பெருமை இல்லையா? இல்லை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

மும்தாஜ் மிஷினில் இருந்தாள். நிலைப்படியில் நின்றபடியே கலைமதி எல்லாவற்றையும் சொன்னாள். இன்டர்வியூ என்று தொடங்கி மனு என்று வந்தபோது மிஷின் நின்றது.

"படமுமா?"

"அதுவும்தான்க்கா."

"அழிச்சுட்டேன்னு சொன்னியே."

"அழிக்கறேன்னு சொன்னேன். அழிக்கலை."

மும்தாஜ் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஊசியில் மாட்டியிருந்த துணியை விடுவித்து மடித்து வைத்தாள். "அவன் கையால அடிபட்டதுகூட எனக்கும் அவனுக்கும் நடுவுல இருந்துச்சு. இப்ப எவனோ ஒருத்தன் பாத்திருக்கான்."

கலைமதி நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"இப்ப என்ன செய்யணும், அதைச் சொல்லு" என்றாள் மும்தாஜ்.

"மெயில் பாஸ்வேர்டை மாத்தணும்க்கா. ஆதார்ல உங்க கைரேகையை லாக் பண்ணணும். யாராவது அந்தப் படத்தைச் சொல்லி மிரட்டினா பதில் பேசாம எங்கிட்ட... இல்ல, நேரா போலீஸ்ல சொல்லிடணும். புகார் நான் எழுதறேன். போனைக் கொடுங்க, நானே மாத்திடறேன்."

நீட்டிய கையை மும்தாஜ் பார்த்தாள்.

"நீ தொடாதே. வாயால சொல்லு. நானே பண்ணிக்கிறேன்."

கலைமதி பாயில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். எங்கே தட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சாக்பீஸ் படிந்த விரலால் மும்தாஜ் தேடித் தேடித் தட்டினாள். புதுப் பாஸ்வேர்ட் கேட்கும் இடம் வந்தது.

"பேரு வேணாம்க்கா, வருஷமும் வேணாம். யாருக்கும் தோணாததா, நீளமா போடுங்க."

"அந்தப் பக்கம் திரும்பிக்க."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் ஒவ்வொரு எழுத்தாக விழுகிற சத்தம் கேட்டது. வெளியே கேட் திறந்தது. டியூட்டி முடிந்து சகாயராணி அக்கா வருகிறாள், இரண்டாம் வீடு. அடுத்து அவளிடம் சொல்ல வேண்டும்.

"ஆச்சு" என்றாள் மும்தாஜ். கலைமதி அப்புறமும் உடனே திரும்பவில்லை.