கூரை பிரித்த மாதத்தில் அக்கா போட்ட சண்டை

ஒரு காலி மண்ணெண்ணெய் டின்னில், தண்ணீரில் ஊறிக் கிடக்கும் பழைய வேட்டிக் கிழிசல்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த எங்கள் பலகை வீட்டின் கூரையைப் பிரித்த நாட்களில், அடுப்பு மூட்டும் முன்பே அக்கா அவற்றை நனைத்து வைத்துவிடுவார். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் அல்ல, என் கணவரின் அண்ணன் மனைவி. மூக்கில் ஈரத்துணி கட்டாமல் வேலைக்காரர் யாரும் உள்ளே வர முடியாது. "பத்து வருசத்து எலிப் புழுக்கை மேல கெடக்கு. அதெல்லாம் நெஞ்சுக்குள்ள போவணுமா? கட்டுங்கண்ணே!" என்பார். சீனத் தச்சரிடமும் அதே தமிழ்தான். அவரும் சிரித்துக்கொண்டே கட்டிக்கொள்வார். ஓலை பிரிக்கும் முன் தண்ணீர் தெளிக்க வேண்டும். பிடுங்கிய ஆணி ஒன்றுகூடத் தரையில் கிடக்கக் கூடாது. சுண்ணாம்பு நீற்றும் தொட்டியை யாரும் குனிந்து பார்க்கக் கூடாது. "கண்ணு ரெண்டும் கடையில கெடைக்காது" என்று அவர் சொன்னதை நான் இன்றுவரை பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

கூரையில் வேய்ந்திருந்த அத்தாப்பு ஓலையை எடுத்துவிட்டுத் தகரம் போட்டது மாமியாருக்காக. அவருக்கு மூச்சு இழுப்பு. ஒழுகும் கூரையின் கீழ் இன்னொரு மழைக்காலத்தைத் தாங்கமாட்டார் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லியிருந்தார். தூசி படாமல் பகலெல்லாம் அவரைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்திருந்தோம்.

பாதிக் கூரை பிரித்த பிறகுதான் எனக்கு நாள் தள்ளிப்போனது உறுதியானது. எங்கள் வீட்டு வழக்கம் இரண்டு பக்கமும் என்னைக் கட்டிப்போட்டது. மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக் கூடாது. சொல்லிவிட்டாலோ, பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது, வேலை அப்படியே நின்றுவிடும். வானம் தெரியும் வீட்டில் மழை இறங்கினால் மாமியார் கதி என்ன? வாயை மூடிக்கொண்டேன். கணவரிடமும் சொல்லவில்லை. மற்றவர்களோடு நானும் ஓலைக்கட்டு சுமந்தேன், ஏணி பிடித்தேன்.

ஒரு நாள் காலை சுண்ணாம்புத் தொட்டி கொதித்து ஆவி கிளம்பியதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கொல்லைப்புறம் ஓடினேன். வாயைத் துடைத்து நிமிர்ந்தால் எதிரே அக்கா. என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். என்னையும் இழுத்துக்கொண்டு நேராகப் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய், நாலு பேர் காதில் விழும்படி மாமியாரிடம் சண்டையைத் தொடங்கினார்.

"அத்தை, இந்தத் தூசியில என்னால மாரடிக்க முடியாது. கிள்ளான்ல எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்."

"வீட்டுக்கே கூரை இல்ல. மகாராணிக்குக் கிள்ளான் கேக்குதா?"

"ஆமா. மகாராணிக்குத் தோழியும் வேணும். இவளையும் கூட்டிட்டுப் போறேன்."

"அப்ப தச்சனுக்கும் ஆளுங்களுக்கும் யாருடி ஆக்கிப் போடுறது?"

"உங்க மவனுங்களுக்குக் கையி இருக்குல்ல?"

மாமியார் மூச்சிரைக்கத் திட்டினார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அன்றிலிருந்து அந்தத் தெருவில் அவருக்கு உடம்பு வளையாதவள் என்ற பெயர். அதை அவர் துடைக்க முயலவே இல்லை.

கிள்ளான் ரயிலில் ஜன்னல் பக்கம் என்னை உட்கார வைத்துவிட்டு, வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்தபடியே பேசினார். நான் மருமகளாக வருவதற்கு முந்தின வருடம், சமையல்கட்டைப் பெரிதாக்கியபோது அவருக்கும் இரண்டு மாதமாம். அவரும் சொல்லாமல் கல் சுமந்திருக்கிறார். ஒரு நாள் மத்தியானம் குளியலறையில் எல்லாம் முடிந்துவிட்டது. "உண்டானதே யாருக்கும் தெரியாது. அப்புறம் போனதை யாருகிட்டப் போயி சொல்றது? ஏன் அழுவுறேன்னு ஒரு மனுசர் கேக்கல, புள்ள." பிறகு அவருக்கு உண்டாகவே இல்லை. யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பினோம். புதுத் தகரம் வெயிலில் மின்னியது, மாமியாரின் மூச்சும் சற்றுச் சீராகியிருந்தது. மூன்று மாதம் முடிந்ததும் நான் விஷயத்தைச் சொன்னேன். மாமியார் மகிழ்ந்தார். ஆனால் அக்காவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வது மட்டும் நிற்கவில்லை.

சென்ற மாதம் என் மகன் வீட்டில் தரைக்கல் மாற்றும் வேலை நடந்தது. மருமகள் நாள் தள்ளிய வாரமே சொல்லிவிட்டாள். வேலை முடியும்வரை அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். இவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. அன்று அதற்கு ஒருத்தி தன் பெயரையே கெடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சத்தியத்தை நான் மீறினேன். அந்தக் காலத்திலேயே, எனக்குப் பிரசவமாகிப் பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒரு நாள், மாமியார் வழக்கம்போல் அக்காவை இடித்துப் பேசியபோது என்னால் தாங்க முடியவில்லை. குமட்டல், சண்டை, ரயில், குளியலறை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து கொல்லைப்புறம் போனார். அக்கா அங்கே என் பிள்ளையின் துணிகளை அலசிக்கொண்டிருந்தார். மாமியார் அந்த ஈரத்தரையிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எந்த மாசம்டி அது போச்சு?" என்று கேட்டார்.

"ஐப்பசி" என்றார் அக்கா. அப்புறம் அழத் தொடங்கினார்.