நூற்றில் மூன்று

ஃபரங்கிஸ் எங்கள் சுரங்கத்துக்குப் பாறையில் விழுந்திருக்கும் வெடிப்புகளைக் கணக்கிட வந்த பொறியாளர். கெர்மான்ஷா பக்கம் மலையைக் குடைந்து சமவெளிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வேலை. நான் உள்ளே பம்ப் ஓட்டினேன். அவர் மூன்று வருடம் சுண்ணாம்புப் பாறைகளில் ஏறி, ஒவ்வொரு வெடிப்பின் நீளமும் சாய்வும் அகலமும் குறித்து, அந்த மலையையே கணினிக்குள் எழுப்பினார். உள்ளே வெடிப்புகள் எப்படிப் போகின்றன என்று யாருக்கும் தெரியாது. அதனால் நூறு விதமாகப் போட்டு, தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்தார். தொண்ணூற்றேழில் சராப்குல் கிராமத்து ஊற்றுக்கு ஆபத்தில்லை. மூன்றில் ஊற்று வற்றியது.

"நூத்துல மூணுக்குப் பயந்தா எவனும் மலையில கை வைக்க முடியாதும்மா. அறிக்கையில கடைசிப் பக்கத்துல போட்டுடுங்க," என்றார் தலைமைப் பொறியாளர் ரஸ்தேகார்.

ஃபரங்கிஸ் அப்படியே போட்டார்.

இலையுதிர் காலத்தில் குடையும் இயந்திரம் தண்ணீர் நிறைந்த ஒரு பிளவை உடைத்தது. இடுப்பளவுத் தண்ணீரில் ஓடி வெளியே வந்தோம். ஒன்பதாம் நாள் சராப்குல் ஊற்று நின்றது.

நாற்பது நாள் வெடிப்புகளை அடைக்கச் சிமென்ட் கூழ் அடித்தோம். பாறை குடித்துக்கொண்டே இருந்தது. "இங்க அடைச்சா அங்க திறக்குதே," என்று ஈரச் சுவரைக் கையால் அறைந்தார் ஃபரங்கிஸ். பிறகு கிராமத்துக்கு மேலே, ஊற்றுக்குத் தண்ணீர் இறங்கும் பள்ளத்தில் லாரித் தண்ணீரோடு பச்சைச் சாயம் ஊற்றினார்.

"மழையில்லாமகூட ஊத்து வத்தியிருக்கலாம், ஹெய்தர். சாயம் உங்கிட்ட வரக்கூடாது," என்றார் என்னிடம்.

பதினாறே மணி நேரத்தில் சுரங்கத்துக்குள் என் பம்ப் தொட்டி பச்சையாகிவிட்டது.

நான்தான் அவரைச் சராப்குல்லுக்கு வண்டியில் கூட்டிப்போனேன். வாதுமைத் தோட்டக்காரர் மஷ் கொர்பான் வாசலிலேயே நின்றார்.

"எங்க மலையில ஒரு கீறல் விடாம அளந்தீங்களே இன்ஜினியரம்மா, எங்க ஊத்து எந்தக் கீறல்ல வருதுன்னு மட்டும் தெரியலையா?"

"வத்தலாம்னு கணக்குல வந்துது. நான்தான் அதைக் கடைசிப் பக்கத்துல ஒளிச்சுட்டேன்."

மஷ் கொர்பானின் மனைவி தேநீர்த் தட்டோடு வந்துகொண்டிருந்தார். "உள்ள எடுத்துட்டுப் போ," என்றார் மஷ் கொர்பான். வாசலுக்கு வந்தவருக்குத் தேநீர் கொடுக்காதே என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கடைசிப் பக்கத்தில் ஒளித்ததை ஃபரங்கிஸ் நீதிமன்றத்திலும் எழுதிக் கொடுத்தார். அவர் வேலை போயிற்று. ஊருக்கு வாரம் இரண்டு தண்ணீர் லாரி விட உத்தரவானது. குடிக்கத்தான் அது போதும், மரங்களுக்குக் காணாது. மூன்றாம் கோடைக்குள் முப்பத்தோரு குடும்பங்கள் ஊரைவிட்டுப் போய்விட்டன.

இப்போதும் ஃபரங்கிஸ் மாதம் தவறாமல் எனக்குப் போன் செய்கிறார்.

"சுரங்கச் சுவர்ல தண்ணி வரத்து கொஞ்சமாவது குறைஞ்சிருக்கா, ஹெய்தர்?"

"இல்லம்மா," என்கிறேன். அடுத்த மாதம் மறுபடியும் அதையே கேட்கிறார்.