வரவில்லை என்றிருந்த கட்டம்

சிவகாசியில் நான் வேலை பார்த்த அச்சகத்தில் எனக்கு ஆத்து ஆபீசர் என்று பட்டப்பெயர். மழைக்காலம் தொடங்கிவிட்டால் காலையில் கணினியைப் போட்டதும் அணைகளின் நீர்மட்டம் காட்டும் இணையப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பேன். அப்புறம்தான் காலண்டர் வேலை. வருஷத்தில் பாதிக்கு மேல் மணலும் கருவேலமுமாகக் கிடக்கிற ஆற்றுக்கு அளவு பார்க்கிற ஒரே ஆள் நான்தான் என்று மெய்ப்புத் திருத்தும் அண்ணாச்சி கேலி செய்வார். “ஆறே இல்ல, அதுக்கு அளவு ஒரு கேடா?” என்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

காரணம் என் அக்கா. ஆற்றுக்குத் தென்கரையில், நாங்கள் பிறந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி வடகரையில் இருந்தது. கம்பெனி வேன் அவளையும் ஊர்ப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு காலையும் மாலையும் தரைப்பாலத்தில் ஆற்றைக் கடக்கும். பாலம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மணலோடு மணலாகக் கிடக்கிற சிமெண்டுப் பாதை அது, கைப்பிடிகூடக் கிடையாது. மேலே அணையில் ஷட்டரைத் தூக்கினால் அது தண்ணீருக்குள் போய்விடும். எங்கள் ஆறு மழையோடு சேர்ந்து வருகிற ஆறும் இல்லை. மேற்கே மலையில் பெய்தால் போதும், இங்கே மண்டையைப் பிளக்கிற வெயிலிலும் வெள்ளம் வரும். தண்ணீரையே பார்க்காத ஊரில் பெண்களுக்கு நீச்சல் எங்கே தெரியும்? அக்காவுக்கும் தெரியாது.

அணை விவரம் வரும் அந்த இணையப் பக்கத்தை எல்லோராலும் படித்துவிட முடியாது. அதற்கென்று ஒரு எழுத்துருவை இறக்கி வைத்தால்தான் தமிழ் தெரியும். இல்லையென்றால் திரை முழுக்கப் பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கும். எழுத்து கோக்கிறவள் என்பதால் அது எனக்குக் கைவந்தது. நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். தினமும் மாலை வேலை முடிவதற்கு முன் வேன் டிரைவர் கம்பெனி கேட்டிலிருந்து போன் போட்டு, “தங்கச்சி, ஆத்துல எம்புட்டு?” என்று கேட்பார். அநேகமாக நான் சொல்கிற பதில் பூஜ்யம்தான். அவரும் சிரித்துக்கொண்டே வைத்துவிடுவார்.

தீபாவளிக்கு முந்தைய சீசன். நல்ல வெயில். வெயில் காய்ந்தால் பட்டாசு காயும், வேலை ஓடும் என்று ஊரே சந்தோஷமாக இருந்தது. அன்று காலையில் நான் பார்த்தபோது இணையப் பக்கத்தில் முந்தைய நாள் விவரமே இருந்தது. மதியத்துக்கு மேல் ஒரு ஆர்டருக்கு நிறம் பார்க்க மிஷின் பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தால் அண்ணாச்சி என் மேஜையில் போனை வைத்துக்கொண்டிருந்தார்.

“ஒங்க டிரைவருதான். பாத்துச் சொல்லிட்டேன். வரவில்லைன்னு போட்டிருக்கு.”

திரையைப் பார்த்தேன். புதுப் பக்கம் ஏறியிருந்தது. எங்கள் அணைக்கு நேரே, நீர்வரத்து என்ற கட்டத்தில் ‘வரவில்லை’ என்று இருந்தது. அண்ணாச்சி படித்தது சரிதான். அவர் காலமெல்லாம் பிழை பார்த்தவர், அதில் பிழையே இல்லை. ஆனால் எனக்குச் சந்தேகம் வந்தது. தண்ணீர் வராத நாளில் அந்தக் கட்டத்தில் பூஜ்யம்தானே போடுவார்கள்? எண் இருக்க வேண்டிய இடத்தில் எதற்கு ஒரு சொல்?

பக்கத்தின் அடியில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்தவரிடம், “ஐயா, வரவில்லைன்னு போட்டிருக்கீகளே, தண்ணி வரலையா, விவரம் வரலையா?” என்று கேட்டேன்.

“விவரந்தாம்மா வரல. அணையில லைன் கெடைக்கல. மலையில நல்ல மழைன்னு மட்டும் கேள்வி” என்றார் அவர், ரொம்ப சாவகாசமாக.

அந்த மனிதரை என்ன திட்டினேன் என்று நினைவில்லை. திட்டினேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. உடனே டிரைவருக்குப் போட்டேன். செல் அணைந்திருந்தது. பொறி பட்டுவிடக் கூடாது என்று பட்டாசுக் கம்பெனிக்குள் செல்லை விடமாட்டார்கள். வேனை உள்ளே எடுக்கும் முன் டிரைவரும் கேட்டிலேயே அணைத்துக் கொடுத்துவிட வேண்டும். கம்பெனி ஆபீசுக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தவர், “வேன் இப்பத்தான் கெளம்புச்சு” என்றார். மறுபடி டிரைவருக்கு. செல்லைத் திரும்ப வாங்கியவர் அதை ஆன் பண்ண மறந்திருக்கிறார். நெருப்புக்குப் பயந்து அணைத்த போன் தண்ணீருக்கு உதவவில்லை.

நான் மாற்றி மாற்றிப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். அண்ணாச்சி என் எதிரில் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். “இருக்கன்குடி ஆத்தா, பாத்துக்கோ தாயி” என்று அம்மனைக் கூப்பிட்டு இரண்டு மூன்று தரம் முனகினார். அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

இருட்டின பிறகு அக்காவே ஊர்க் கடையிலிருந்து பேசினாள். குரலைக் கேட்டதும் நான் அழுதுவிட்டேன். வேன் நட்டநடுப் பாலத்தில் நின்றுபோயிருக்கிறது. முழங்கால் தண்ணீரில் ஒருத்தி முந்தானையை ஒருத்தி பிடித்துக்கொண்டு பெண்கள் எல்லோரும் கரையேறியிருக்கிறார்கள். டிரைவர் கடைசியாக வந்தாராம். அவர்கள் திரும்பிப் பார்க்கும்போதே தண்ணீர் வேனைத் தள்ளிக்கொண்டு போய்க் கருவேலத்தில் சாய்த்துவிட்டது.

“ஆத்தப் பாத்தா தெரியாதா? கண்ணு முன்னாடி தண்ணி ஓடுறப்ப அந்த ஆளு எதுக்கு வண்டிய எறக்குனாரு?” என்று கத்தினேன்.

அக்கா என்னை அடக்கினாள்.

“அவர ஏசாத. அவரு நிப்பாட்டி எறங்கித்தான் பாத்தாரு. கணுக்கால் தண்ணி ஓடுச்சு. திரும்பிருவமான்னு கேட்டாரு. நாந்தான், ‘எந்தங்கச்சி கம்ப்யூட்டர்ல பாத்து வரலன்னு சொல்லிட்டாள்ல, இது சும்மா ஊத்துத் தண்ணி, போங்க’ன்னேன்.”

பக்கத்தில் யாரோ ஒரு பிள்ளை பசிக்கிறது என்று அவளை இழுப்பது கேட்டது. வைத்துவிட்டாள்.

மறுநாள் அந்தக் கட்டத்தில் பெரிய எண் ஒன்று இருந்தது. ‘வரவில்லை’ என்பதை மாற்றி ‘விவரம் இல்லை’ என்று போடச் சொல்லிப் பல தடவை போன் போட்டேன். சரிம்மா என்பார்கள். நான் வேலையை விடும்வரை மாற்றவில்லை. அன்று போனில் சொன்னது நான் இல்லை என்று அக்காவிடம் நானும் சொல்லவில்லை. யார் சொன்னார்கள் என்று அவள் கேட்டதே கிடையாது. நான் சொன்னேன் என்றுதான் அவள் தண்ணீரில் இறங்கினாள்.