இடது கன்னத்துக் குழி

போன ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது ஓரமாக வழிந்து சட்டையை நனைத்தது. என் மனைவி எஸ்தர் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"இன்னாங்க இது, வாய் ஒரு பக்கமா போவுது?"

கண்ணாடியில் பார்த்தேன். முகத்தின் இடது பாதி தொங்கிப்போயிருந்தது. அந்தக் கண் மூடவே இல்லை. டாக்டர் முகவாதம் என்றார். மாத்திரை தந்தார். பெரும்பாலும் சரியாகிவிடும், சிலருக்குக் கோணல் கொஞ்சம் தங்கிவிடும் என்றார். அந்தச் சிலரில் நானும் ஒருவன் என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் ஒரு ஹோட்டலில் பதினாறு வருடமாக சர்வர் வேலை செய்கிறேன். சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் போய்விடும். மகளின் படிப்பு, எஸ்தரின் சுகர் மாத்திரை எல்லாம் டிப்ஸில்தான் ஓடியது. சிரித்தால் எனக்கு இடது கன்னத்தில் மட்டும் குழி விழும். கூட வேலை செய்பவர்கள் அதற்கு உண்டியல் என்று பெயர் வைத்திருந்தார்கள். இப்போது உண்டியல் மூடிவிட்டது.

முதலாளி நல்ல மனிதர். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தேவா, தப்பா நெனச்சுக்காத. குடும்பம் குடும்பமா வந்து சாப்புடுற எடம். கொஞ்ச நாளைக்குப் பார்சல் கட்டு."

பார்சல் கட்டுபவனுக்கு யாரும் டிப்ஸ் தருவதில்லை. அவன் முகமே யாருக்கும் தெரியாது.

தினமும் ஜெபித்தேன். "ஆண்டவரே, என் வாயைத் திருப்பிக் கொடும்" என்பதுதான் ஜெபம். இரண்டு வாரம் ஆகியும் ஒன்றும் அசையவில்லை. கோபம் வந்தது. ஜெபிப்பதையும் நிறுத்திவிட்டேன்.

பார்சல் கட்டும் இடத்தில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதன் வழியாக ஹால் தெரியும். என் டேபிள்களை செல்வம் பார்த்துக்கொண்டிருந்தான். காரில் வந்தவர்களுக்கு முழுச் சிரிப்பு. பஸ்ஸில் வந்தவர்களுக்கு ஒரு தலையாட்டல். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்வருகிற அமாவாசைக் கூட்டத்துக்கு அதுவும் கிடையாது. ஒரு சாப்பாட்டை வாங்கி நாலு தடவை சாம்பார் கேட்பார்கள், ஒன்றும் வைக்காமல் எழுந்து போவார்கள் என்று அந்தக் கூட்டத்தைக் கண்டாலே எங்களுக்கு எரிச்சல். செல்வத்துக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுத்தவன் நான்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து மண்டியிட்டேன். இதை மறைக்காமல் சொன்னேன். "சிரிப்பை ஆள் பார்த்துக் கொடுத்தேன், ஆண்டவரே. திரும்பக் கொடுத்தால் ஆள் பார்க்கமாட்டேன்." ஒளி எதுவும் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் மனம் லேசானது. டாக்டர் சொன்னபடி கண்ணாடி முன் நின்று ஆ, ஈ, ஊ என்று வாயை அசைத்துப் பழகினேன்.

அடுத்த அமாவாசைக்கு மறுநாள் கூட்டம் தாங்கவில்லை. இரண்டு சர்வர்கள் லீவு. முதலாளி ஓடிவந்தார். "மாஸ்க்கைப் போட்டுக்கினு நாலு டேபிளப் பாரு, தேவா."

ஒரு டேபிளில் ஒரு பெண்ணும் அவள் பிள்ளையும். மேல்மலையனூரில் மொட்டையடித்த அவன் தலையில் சந்தனம் காய்ந்திருந்தது. இருவருக்கும் சேர்த்து ஒரே சாப்பாடு. வேர்வை தாங்காமல் மாஸ்க்கை இறக்கினேன். அந்தப் பொடியன் என்னையே பார்த்தான். பிறகு தன் வாயையும் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டான்.

தாய்க்காரி பதறி அவன் தொடையில் ஒன்று வைத்தாள்.

"விடும்மா, அச்சு அசலா செய்யறான்" என்றேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவள் சமாதானமாகி மகனிடம் சொன்னாள். "பாருடா, மாமா சிரிச்சா கன்னத்துல குழி வுழுது."

சாம்பார் வாளியோடு கை கழுவும் இடத்துக்கு ஓடினேன். அங்கே இருக்கும் கண்ணாடியில் சிரித்துப் பார்த்தேன். ஆழமில்லை. ஆனால் விழுந்தது. எஸ்தருக்கு போன் போட்டு "குழி விழுதாம்" என்றேன். இருவரும் அழுதோம்.

திரும்பி வந்தபோது அந்தப் பெண் போய்விட்டிருந்தாள். டேபிளில் ஒன்றும் வைக்கவில்லை.

நரம்பு தானாகச் சரியானது என்று டாக்டர் சொல்வார். சொல்லட்டும். எந்த டேபிளில், யார் வாயால் எனக்கு அது தெரிந்தது என்பது எனக்குத் தெரியும். இப்போது பழையபடி சர்வர் வேலைதான். சாப்பிடும்போது இடது கண்ணில் இன்னும் தண்ணீர் வருகிறது. ஆண்டவரிடம் செய்த பொருத்தனையை எல்லா நாளும் காப்பாற்றுகிறேன் என்று பொய் சொல்லமாட்டேன். கார் வந்து நின்றால் கால் இன்னும் முதலில் அங்கேதான் போகிறது. பாதியில் நினைவு வந்து திரும்புகிறேன்.

ஜெபித்து ஜெபித்து அலுத்துப்போயிருக்கிறீர்களா? மறைத்து வைத்திருப்பதையும் சேர்த்து அவரிடம் சொல்லிப் பாருங்கள். செஞ்சிப் பக்கம் வந்தால் எங்கள் ஹோட்டலுக்கு வாருங்கள். டிப்ஸ் வேண்டாம். குழி விழுகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.