இழுவையைக் குறைக்க வந்தவர்

என் பிக்கப்புக்கு இழுவை பத்தவில்லை என்று கந்தர்வக்கோட்டை ஒர்க்‌ஷாப்பில் நின்றபோதுதான் அவரைப் பார்த்தேன். ஒல்லியான ஆள்; காதோரம் ஆறாத தையல். என்னைப்போல எல்லாரும் எஞ்சின் சக்தியைக் கூட்ட வருகிற இடத்தில், அவர் தன் லோடு வண்டிக்குக் குறைக்கச் சொன்னார்.

"இழுவைக்காகப் போட்ட ட்யூனிங்க எடுத்துட்டா லோடு ஏறாதுங்க," என்றார் மெக்கானிக். "எஞ்சின் குடுக்குறதுல கியர்பாக்ஸும் பின்னாடி கிரவுன் பல்சக்கரமும் தின்னது போகத்தான் சக்கரத்துக்கு வரும்."

"தின்னுட்டுப் போகட்டும்," என்றார் அவர்.

ஏன் என்று கேட்டேன்.

"கூடுன இழுவைய ஷாஃப்ட் தாங்கலைங்க. கம்மாக்கரை ஏத்தத்துல ஒடிஞ்சு, பிரேக் பைப்பையும் அறுத்துருச்சு. வண்டி பின்னால உருண்டு கவுந்துருச்சு. முந்திரி மூட்டை மேல ஒக்காந்து வந்த என் வீட்டுக்காரி அடியில சிக்கிப் போயிட்டா."

"வண்டிய வித்துறலாமேங்க," என்றேன்.

"விக்கத்தாங்க போறேன். வாங்குறவன் வீட்டுப் பொம்பளையும் மூட்டை மேலதானே ஒக்காருவா."

வேலை முடிந்ததும் அவர் வண்டியில் ஏறி எஞ்சினை ஓடவிட்டார். ஆனால் கிளம்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, தலையைப் பின்பக்கம் சாய்த்துக் காத்திருந்தார். எங்கள் பக்கம் லோடு மேல் ஏறுகிறவர்கள் உட்கார்ந்ததும் கேபினைத் தட்டுவார்கள்; தட்டினால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். இப்போது பின்னால் யாருமில்லை.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே போய்க் கேபினைத் தட்டினார். வண்டி நகர்ந்தது.