எல்லோஸ்டோனுக்கு இரண்டு டிக்கெட்

ஊர் உலகத்தையெல்லாம் சுற்றிக் காட்டுகிற டிராவல்ஸ்காரன் அம்பத்தூரைத் தாண்டியிருக்க மாட்டான். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவை நான் பார்த்தது யூடியூபில்தான். அந்த தைரியத்தில் ஆவடி ஆரோக்கியசாமி அண்ணனுக்கும் அவர் சம்சாரம் பிலோமினா அக்காவுக்கும் பயணத் திட்டம் போட ஆரம்பித்தேன்.

பீச்சியடிக்கிற தண்ணி

அண்ணன் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஒரே மகன் அமெரிக்காவில். அவன் இங்கே வந்தால் விசா சிக்கலில் திரும்பிப் போவது சந்தேகம். அதனால் வருஷக்கணக்காக வீடியோ காலில்தான் முகம். அப்பா அம்மாவுக்கு விசா கிடைத்ததும், லீவு போட்டு, பூங்காவுக்குள்ளேயே ரூம் பிடித்துவிட்டான்.

பூமிக்கடியிலிருந்து வெந்நீர் பனைமர உயரத்துக்குப் பீச்சியடிக்கிற வீடியோவைக் காட்டினேன். அண்ணன் அசரவே இல்லை. "இன்னா தம்பி, எங்க தெருவுல பைப்பு ஒடஞ்சா இத்தவிட ஒசரமா அடிக்குமே!"

குளியல்

அக்கா வெந்நீர் ஊற்று என்றதுமே குளிக்கத் தயாராகிவிட்டார். நம் ஜனம் தண்ணீரைக் கண்டால் தலை முழுகாமல் வருமா? மரப்பாதையை விட்டு இறங்கவே கூடாது, சுற்றிலும் தரை அப்பளம் மாதிரி, உடைந்தால் உள்ளே கொதிக்கிற தண்ணீர் என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டது. அக்கா முகம் வாடிவிட்டது. "காலகூட நனைக்கக் கூடாதுன்னா, எதுக்குப்பா ரெண்டு துண்டு வாங்கி வெச்சேன்?"

தேதி

மகன் ரூம் பிடித்தது செப்டம்பர் முதல் வாரம். வேளாங்கண்ணித் திருவிழா நேரம். அக்கா வருஷம் தவறாமல் காவி உடுத்தி நடந்தே போகிறவர். வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான்: மகனை நேரில் பார்க்க வேண்டும்.

"தேதிய மாத்து நைனா" என்றார். எங்கே மாற்றுவது? யாரோ கேன்சல் செய்த ரூம்தான் அவனுக்குக் கிடைத்தது. ரொம்பத் தள்ளிப்போட்டால் பனி விழும், ரோட்டை மூடிவிடுவார்கள். அவனுக்கும் வேறு லீவு கிடையாது. இதைச் சொன்னதும் அக்கா படியிறங்கிப் போய்விட்டார். அண்ணன் என் எதிரே உட்கார்ந்து அழுதேவிட்டார். "நான் மட்டும் போய் நின்னா, அவன் கிட்ட இன்னான்னு சொல்றது? ஒங்கம்மா கோயிலுக்குப் போய்கீதுன்னா?"

மறுநாள்

காலையில் கடை திறக்க வந்தால் அக்கா வாசலில் நிற்கிறார். இந்த வருஷம் நடக்காமல் விடலாமா என்று பாதரிடம் கேட்டீர்களா என்றேன். யாரிடமும் கேட்கவில்லையாம். இரண்டு பாஸ்போர்ட்டையும் மேஜைமேல் வைத்தார். கண் வீங்கியிருந்தது, குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"மாதா கிட்ட நான் கேட்டதே புள்ளைய கண்ணுல காட்டுன்னுதான். வா, காட்டறேன்னு கூப்புடறப்போ, இரு தாயே, மொதல்ல நடந்து வந்து இன்னொரு வாட்டி கேட்டுக்கறேன்னு சொல்லுவேனா? டிக்கெட்டப் போடு."

டிக்கெட் எடுக்க வருகிறவர்கள் மனசு ஒரு முடிவுக்கு வரும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருப்பதுதான் எங்கள் தொழிலில் பெரிய வேலை, அதற்கு மட்டும் யாரும் கமிஷன் தருவதில்லை.